வாசக்கதவு 6 லட்சம்

(மதுரை ஊமச்சிகுளம் பக்கம் 3 சென்ட்டில் ஒரு புது வீடு. பேங்க் பேனலில் இருக்கும் வேல்யூவர், ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர், டேப்பை இழுத்து அளக்கிறார். மறுமுனை லோன் ஏஜென்ட் கையில். லோன் கிடைத்தால்தான் கமிஷன் என்பதால் ஒரு அடி தள்ளியே பிடித்திருக்கிறார்.)

ஏஜென்ட்: வெயில்ல எதுக்கு சார் சிரமம்? 75-னு முடிவாயிருச்சு. நீங்க கணக்கை மட்டும் எழுதுங்க.

வேல்யூவர்: யாரு தம்பி முடிவு பண்ணது?

ஏஜென்ட்: பார்ட்டிக்கு 60 லட்சம் லோன் வேணும். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா, வீட்டு மதிப்புல 80 சதவீதம்தான் கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி சொல்லுது. அப்ப வீடு 75. ரிசர்வ் வங்கியே போட்ட விலை சார் இது!

வேல்யூவர்: பில்டரே 60-க்குத்தானே பேசியிருக்காரு?

ஏஜென்ட்: வாயால பேசுனது 60. அக்ரிமென்ட்ல 75. கைக்காசு இல்லாதவன் வீடு வாங்க வேணாமா?

வேல்யூவர்: நிலம் 30, கட்டடம் 31. 61-க்கு மேல நகர மாட்டேங்குது.

ஏஜென்ட்: ஃபாரத்துல 'எக்ஸ்ட்ரா ஐட்டம்'னு தனிப் பகுதியே இருக்கே! போர்டிகோ, அலங்கார வாசக்கதவு, மேல்நிலைத் தொட்டி, கூடுதல் கேட்டு... (இது கற்பனை இல்லை. பேங்க் ஃபாரத்தில் இந்தப் பட்டியல் நிஜமாகவே இருக்கிறது.) கதவுக்கு 6 லட்சம் போடுங்க.

வேல்யூவர்: இதுல அலங்காரம் எங்கப்பா?

ஏஜென்ட்: இந்தா, கஜலட்சுமி.

வேல்யூவர்: அது ஸ்டிக்கர். உரியுது பாரு.

ஏஜென்ட்: சரி, கதவு 4. மரம், தோட்டம்னு ஒரு வரி இருக்குல்ல? அந்த முருங்கைக்கு ஒரு 2.

வேல்யூவர்: அது பக்கத்து வீட்டு முருங்கை.

ஏஜென்ட்: நிழல் நம்ம பக்கம்தானே சார் விழுது?

வேல்யூவர்: தம்பி, கம்பெனிச் சட்டம் 247-ஆம் பிரிவு தெரியுமா? வேல்யூவர் பாரபட்சம் இல்லாம மதிப்புப் போடணும். முன்னாடி 3 வருஷம், பின்னாடி 3 வருஷம் அந்தச் சொத்துல அவனுக்கு ஒட்டு உறவு இருக்கக் கூடாது. ஏமாத்தணும்னே செஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். 2017 விதிகள்ல நடத்தை நெறியே இருக்கு: ஆளுக்குத் தக்க மதிப்பு கூடாது, நேர்மையைக் கெடுக்கிற அன்பளிப்பு கூடாது, காரியம் முடிஞ்சா இவ்வளவுன்னு ஃபீஸ் பேசக் கூடாது.

ஏஜென்ட்: தங்கமான சட்டம். ஆனா நம்ம பார்ட்டி என்ன கம்பெனியா சார்?

வேல்யூவர்: ...இல்ல.

ஏஜென்ட்: அது கம்பெனிச் சட்டத்துக்காகப் போடுற மதிப்புக்கு. மாசச் சம்பளக்காரன் வீட்டு லோனுக்கு எந்தப் பிரிவு?

வேல்யூவர்: ரிசர்வ் வங்கி 2007-லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. வேல்யூவருக்குச் சொத்துல நேரடியாவோ மறைமுகமாவோ சம்பந்தம் இருக்கக் கூடாது. சொத்து 50 கோடியோ அதுக்கு மேலயோ போனா ரெண்டு ரிப்போர்ட்.

ஏஜென்ட்: சொத்துமேல ஆசை இருக்கக் கூடாது, சரி. பேனல்மேல ஆசை இருக்கலாம்ல? போன மாசம் உங்களுக்கு எத்தனை ஃபைல் வந்துச்சு?

வேல்யூவர்: நாலு.

ஏஜென்ட்: பை-பாஸ் ரோட்டு அண்ணனுக்கு நாப்பது. யாரும் யாரையும் மிரட்டல சார். ஃபைலுக்கே வழி தெரிஞ்சிருக்கு.

வேல்யூவர்: அதுக்குத்தான் வேல்யூவர்களுக்குன்னு தனிச் சட்டம் வேணும்னு 2020-ல நிபுணர் குழு மசோதா வரைவே எழுதிக் கொடுத்துச்சு.

ஏஜென்ட்: நல்ல வரைவு சார். பத்திரமா இருக்கட்டும்.

வேல்யூவர்: அமெரிக்காவுல 2010-ல டாட்-ஃபிராங்க் சட்டம் கொண்டு வந்தாங்க. வேல்யூவரை நெருக்கினா, ஒரு நாளைக்கு 10,000 டாலர் வரைக்கும் அபராதம், திரும்பப் பண்ணினா 20,000-னு அப்ப வச்சாங்க.

ஏஜென்ட்: ஒரு நாளைக்கா? அந்த ஊருல ஏஜென்டெல்லாம் எப்படி சார் புள்ளகுட்டிய வளர்க்கறான்?

வேல்யூவர்: பட்டுத்தான் திருந்தினான். வாஷிங்டன் மியூச்சுவல் பேங்கோட நெருக்கடிக்கு வளைஞ்சு கொடுத்ததா, 2007-ல ஒரு வேல்யூவேஷன் கம்பெனி மேல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் கேஸே போட்டாரு.

ஏஜென்ட்: அந்த பேங்க் இப்ப எப்படி ஓடுது?

வேல்யூவர்: எங்க ஓடுது? 2008-ல அரசாங்கம் கையில எடுத்து இன்னொரு பேங்குக்கு வித்துருச்சு.

ஏஜென்ட்: பாத்தீங்களா! வேல்யூவேஷனைக் கிளறினாங்க, ஒரே வருஷத்துல பேங்கே போச்சு. அதனாலதான் நான் எதையும் கிளற விடுறதில்ல.

வேல்யூவர்: சரி, இவரு தவணை கட்ட முடியாம வீடு ஏலத்துக்கு வருதுன்னு வை. சர்ஃபேசி சட்டப்படி மறுபடி ஒரு வேல்யூவர் வந்து பார்த்த பிறகுதான் ரிசர்வ் விலை வைப்பாங்க. அன்னிக்கு உன் 75 எங்க போகும்?

ஏஜென்ட்: அன்னிக்கு நீங்க தாராளமா உண்மையை எழுதுங்க சார். 45-னாலும் சரி. ஏலம் எடுக்க நம்மகிட்ட ஆள் இருக்கு.

வேல்யூவர்: தொட்டி, கேட்டு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். மொத்தம் 62. கையெழுத்துப் போட்டாச்சு. டேப்பை விடு.

ஏஜென்ட்: (செல்லை எடுத்து) அண்ணே, வணக்கம்ணே... 50 கோடிக்காரனுக்கு மட்டுந்தான் ரெண்டு ரிப்போர்ட்டா? நம்ம பார்ட்டிக்கும் ரெண்டாவது ஒண்ணு வாங்கிருவோம்... சைட்டுக்கெல்லாம் வர வேணாம்ணே, போட்டோ நானே எடுத்துட்டேன்... ஆமா, 75. ஐயோ, முழுசா 75-னு போடாதீங்க, சந்தேகம் வரும். 75 லட்சத்து 18 ஆயிரத்து 400-னு போடுங்க. அளந்து பார்த்த மாதிரி இருக்கும்.