கிருமிகளின் ஜெராக்ஸ் கடை

கே: ஊசி, மாத்திரை என்றாலே ஓடுகிறவர் என் மாமனார். அவருக்குப் போய், எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத கிருமி எப்படி வந்தது? (வாசகி, கும்பகோணம்)

ப: மருந்துக்குப் பழகுவது மாமனார் இல்லை அம்மா, கிருமி. அதுவும் அவர் படுக்கைக்கு வருமுன்பே வேறு எத்தனையோ பேருக்கு ஏற்றிய மருந்தில் பழகிவிட்டு வந்திருக்கும்.

கே: ஒரு கிருமி கற்றதை இன்னொன்று எப்படிக் கற்கிறது? டியூஷனா?

ப: ஜெராக்ஸ். பாக்டீரியாவுக்குள் முக்கிய டி.என்.ஏ. தவிர, வளையம் போலச் சின்னதாக இன்னொன்றும் இருக்கும். அதுதான் பிளாஸ்மிட். மருந்தை முறிக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் இதில்தான் குடியிருக்கின்றன. ஒரு பாக்டீரியா மெல்லிய இழை நீட்டி அடுத்ததைத் தொட்டு இழுக்கும். பிளாஸ்மிட்டின் இரண்டு இழைகளில் ஒன்று அந்தப் பக்கம் போகும். பிறகு இரு பக்கமும் குறைந்த இழையை நிரப்பிக்கொள்ளும். கொடுத்தவருக்கும் நஷ்டமில்லை, வாங்கியவருக்கும் செலவில்லை.

கே: சொந்த இனத்துக்குள் மட்டும்தானே?

ப: ஜாதி பார்ப்பது நாம்தான். 1950களில் ஜப்பானில் சீதபேதி பரவியபோது, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், குளோராம்பெனிகால் நான்கு மருந்துக்கும் அடங்காத ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமி கிளம்பியது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மருந்துக்கும் தப்பக் கற்றிருந்தால் காலம் பிடித்திருக்கும். இது நான்கையும் ஒரே மூட்டையாகச் சுமந்து வந்தது. 1959-இல் ஒச்சியாய், அகிபா என்ற இரு ஆய்வாளர்களின் குழுக்கள், எதிர்ப்புள்ள ஈ.கோலை என்ற வேறு இனக் கிருமியையும் எதிர்ப்பில்லாத ஷிகெல்லாவையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தன. எதிர்ப்பு கைமாறியது.

கே: கொஞ்ச காலம் மருந்தையே நிறுத்தினால் மறந்துவிடாதா?

ப: குறையும், சில நேரம். ஆனால் பல பிளாஸ்மிட்கள் கெட்டிக்காரத்தனமாக ஒரு விஷத்தையும் அதற்கு மாற்றுமருந்தையும் சேர்த்தே தயாரிக்கின்றன. மாற்றுமருந்து சீக்கிரம் சிதையும், விஷம் நீடிக்கும். செல் பிரியும்போது பிளாஸ்மிட் கிடைக்காத வாரிசுக்கு மாற்றுமருந்து தீர்ந்துபோகும், விஷம் வேலையைக் காட்டிவிடும். போதாக்குறைக்கு மூட்டைச் சமாச்சாரம் வேறு: அதிலுள்ள ஒரு மருந்தை நாம் பயன்படுத்தினாலும் மற்ற எதிர்ப்புகளும் சேர்ந்தே பிழைத்துக்கொள்ளும்.

கே: நியூடெல்லி பெயரை ஒரு மரபணுவுக்கு வைத்தது அவமானம் இல்லையா? (வாசகர், வேலூர்)

ப: என்.டி.எம்.-1 பற்றிக் கேட்கிறீர்கள். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம், 2008-இல் சுவீடனில் பிடிபட்டது. அவரது சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி, மலத்தில் ஈ.கோலை, இரண்டிலும் அதே மரபணு! கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே முறிக்கும் நொதியை உண்டாக்குவது அது. 2010-இல் லான்செட் குழும மருத்துவ இதழில் இந்த மரபணு பற்றி வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். அதில் சென்னையில் கிடைத்த 44 கிருமி மாதிரிகளும் இடம்பெற்றன. நாம் பெயருக்குக் கோபப்பட்டோம். அடுத்த ஆண்டே டெல்லியில் 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டில் அந்த மரபணு இருந்ததாக இன்னொரு ஆய்வு வந்தது. கோபத்தைத் தண்ணீர்க் குழாய் மேல் காட்டியிருக்கலாம்.

கே: எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே நல்ல மாத்திரை கொடுக்கிறார். நல்ல மனிதர்!

ப: ரொம்ப நல்லவர். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 பட்டியலில் இருக்கும் மருந்தென்றால், சீட்டு வாங்கி, மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கே: கை கழுவினால் மரபணு போய்விடுமா? (செவிலியர், மதுரை)

ப: மரபணு போகாது சகோதரி; அதைச் சுமக்கிற கிருமி போகும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அது நடந்து போவதில்லை, பெரும்பாலும் நம் கையில்தான் ஏறிப் போகிறது. நோயாளியைப் பார்க்கப் போகும் வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை கழுவுங்கள். கழுவாமல் தொட வருகிறவர் பெரிய டாக்டராகவே இருந்தாலும், கூச்சப்படாமல் கேளுங்கள்.