மூணு நாள்ல வாத்தியார்

ஏங்கண்ணு, மூணு நாளு லீவு போட்டு ஏதோ வகுப்புக்குப் போறியாமா? உங்கம்மா சொன்னா. அசிஸ்டெண்ட் புரொபசராகி நாலு வருசமாப் பாடம் எடுத்துட்டு, இப்பத்தான் பாடம் எடுக்கறது எப்படின்னு படிக்கப் போறே. ரெண்டு புள்ளை பெத்தவன் பொண்ணு பாக்கப் போனாப்பல இருக்குது. சிரிக்காதே, போகோணும்னுதான் சொல்றேன். அந்தச் சர்ட்டிபிகேட் இல்லாம அசோசியேட் புரொபசர் ஆக முடியாதுன்னு மெடிக்கல் கமிசன்ல விதி இருக்குதாமே? அதுக்காவது போ. சுண்டலுக்குக் கோயிலுக்குப் போறவனும் சாமியப் பாத்துட்டுத்தானே வர்றான்.

எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனைக்காதே. போன ஆடியில பதினொரு நாள் ஆஸ்பத்திரில படுத்திருந்தேனே, அங்க நான் 'நல்ல கேஸு'. ஈரல் வீங்கியிருக்குதுன்னு காலையில பதினாலு பசங்க கட்டிலச் சுத்தி நின்னுக்குவாங்க. பெரிய டாக்டரு வந்து மொதப் பையனை ஒரு கேள்வி கேப்பாரு. அவன் எச்சிலை முழுங்குவான். "ஆடு மேய்க்கப் போடா"ம்பாரு. ஆடு மேய்க்கறது அத்தனை சுளுவுன்னு அவருக்கு யாரு சொன்னாங்களோ! அப்பறம் அவரே பதிலைச் சொல்லுவாரு, சொவத்தைப் பாத்து. பதினாலு பேரும் என் வயித்தை அமுக்குனாங்க. எவன் கை எங்க போகுதுன்னு அவரு ஒருநாளும் பாக்கலே. ஒருத்தன் எடப் பக்கமாவே தேடிட்டிருந்தான். "வலப் பக்கம் தம்பி"ன்னு நாந்தான் கண்ணைக் காட்டுனேன். அந்த வகையில நானும் மருத்துவ வாத்தியாருதான், சம்பளம் மட்டும் இல்லே.

அதே வார்டுல வயசான நர்சம்மா ஒண்ணு. படிக்கற பொண்ணைக் கூட்டிட்டு வந்து, மொதல்ல எங்கிட்ட, "அய்யா, இந்தப் புள்ளை உங்க கையில வென்பிளான் ஊசி போடலாங்களா?"ன்னு கேட்டுது. அப்பறம் பொண்ணுகிட்ட, "கையத் தொடறதுக்கு முன்னால என்னென்ன பண்ணப் போறேன்னு சொல்லு." அது சொல்லுச்சு: கை கழுவறது, பட்டை கட்டறது, நரம்பைத் தடவிப் பாக்கறது, ஸ்பிரிட்டு காயற வரைக்கும் பொறுக்கறது. கட்டுன பட்டைய அவுக்கறதை மட்டும் உட்டுப்போட்டுது. நர்சம்மா திட்டலே. "அப்படியே உட்டா தாத்தா கை என்னாகும்?"னுச்சு. அவ்வளவுதான். மொதக் குத்து தவறி, ரெண்டாவதுல ரத்தம் தெரிஞ்சுது. வலிச்சது எனக்கு, ஆனா அந்தப் பொண்ணு மொகத்தப் பாக்கோணுமே!

நீ போன்ல யாருக்கோ சொல்லிட்டிருந்தியே, பேட்டன்னு ஒரு ஆளு, கைவேலை கத்துக்குடுக்க நாலு படின்னு. மொதல்ல பேசாமச் செஞ்சு காட்டு. அடுத்துச் சொல்லிட்டே செய். மூணாவது, பையன் சொல்லச் சொல்ல நீ செய். நாலாவது அவனே சொல்லி அவனே செய்யட்டும். சூட்சுமம் பூராவும் அந்த மூணாவது படியில இருக்குது. இதையெல்லாம் நம்ம முப்பாட்டன் அப்பவே சொன்னான்னு மீசைய முறுக்குவேன்னு பாத்தியா? எங்கப்பன் எனக்குப் பால் கறக்கக் கத்துக்குடுத்தது ஒரே படி: மாட்டுக்கடியில தள்ளி உட்டாரு. காங்கேயம் மாடு. அது நடத்துன பாடம் இன்னும் மொழங்கால்ல தழும்பா இருக்குது. கட்டைவெரலை மடக்கியே கறந்து காம்பைப் புண்ணாக்கிட்டிருந்தேன். முழுக்கையால கறக்கோணும்னு அஞ்சு வருசங்கழிச்சு மாட்டு டாக்டரு சொல்லித்தான் தெரிஞ்சுது. அத்தனை வருசமும் எங்கப்பன் பக்கத்துலதான் நின்னாரு. கையப் பாக்கலே, செம்பைத்தான் பாத்தாரு.

நீங்களும் செம்பைப் பாக்கற கூட்டந்தானே, மார்க்குன்னு பேரு வெச்சுட்டு? அதுக்குத்தான் டண்டீயில ஹார்டன்னு ஒருத்தரு 1975-ல ஓஸ்கின்னு பரிச்சை கொண்டாந்தாராம். மணி அடிச்சா அடுத்த மேஜை. அங்கங்க ஒரு வாத்தியாரு பையன் கையப் பாத்து மார்க்குப் போடோணும். நல்ல ஏற்பாடு. ஆனா கையப் பாக்கறதுக்குப் பரிச்சை வரைக்குமா காத்திருக்கறது?

அப்பறம் உன்ர ஸ்லைடு. நேத்து ராத்திரி எட்டிப் பாத்தேன், எம்பத்தேழு. ஒரு மணி நேரத்துக்கு! 2019-ல வந்த பாடத்திட்டத்துல வெறும் லெக்சர் மூணுல ஒரு பங்குக்கு மேல கூடாதுன்னு இருக்குதுன்னு நீயேதான் சொன்னே. மடி சுரக்காம இழுத்தா மாடு உதைக்கும். பசங்க பாவம், தூங்கறதோட நிறுத்திக்கறாங்க. ஒரு நோயாளி கதையச் சொல்லி, "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டுட்டு வாய மூடிட்டு இரு. அஞ்சு செகண்டு போதும். அஞ்சாவது செகண்டுக்குள்ள நீயே பதிலைச் சொல்லிப்போடுவே, எனக்குத் தெரியும்.

பாராட்டு, கொறை, மறுக்கா பாராட்டுன்னு சாண்ட்விச்சாட்ட சொல்லோணும்னு அங்க கத்துக்குடுப்பாங்க. பாத்துப் பண்ணு. பசங்க வெவரமானவங்க, மேல் ரொட்டியக் கண்டதுமே உள்ள என்ன காரம்னு நடுங்க ஆரம்பிச்சிருவாங்க. "பட்டைய அவுக்கலே, நாளைக்கு அவுத்துக் காட்டு"ன்னு நேரா சொல்லு, போதும்.

சரி, பஸ்ஸுக்கு நேரமிருக்குது. அந்தச் செம்பை எடு. இன்னைக்கு நீ கற, நான் கல்லு மேல உக்காந்து உன் கைய மட்டும் பாக்கறேன். திட்ட மாட்டேன், வாயே தொறக்க மாட்டேன். நர்சம்மா மாதிரி.

ம், உக்காரு. எண்ணெய் தொட்டுக்க...

அட கூறுகெட்டவனே! கன்னுக்குட்டிய அவுத்து உடாமயாடா காம்பைப் புடிப்பே?