புறம்போக்கு பீரியட்

கேரளத்தில் ஆசிரியர் பணியிடங்களுக்கு 1959-ஆம் ஆண்டுக் கல்வி விதிகள்தான் வேதம். அந்த வேதத்தின்படி யு.பி. பள்ளியில் 500 பிள்ளைகள் இருந்தால் ஒரு உடற்கல்வி ஆசிரியர். 499 என்றால் ஆசிரியர் கிடையாது. ஐந்நூறாவது பிள்ளை வாசல்படி மிதிக்கும் நொடியில்தான் மற்ற 499 பேருக்கும் கைகால் முளைக்கும் என்று இதை எழுதியவர்கள் எங்கோ கண்டறிந்திருக்க வேண்டும். ஹைஸ்கூலில் ஞானம் இன்னும் ஆழம். அங்கே 8, 9 வகுப்புகளின் பீரியடைக் கூட்டித்தான் பணியிடம் தருவார்கள். பத்தாம் வகுப்பு கணக்கில் வராது. பத்தில் பிள்ளைக்கு உடம்பு இருக்காது, எஸ்.எஸ்.எல்.சி. பதிவெண் மட்டும் இருக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பணியிடமே இல்லை. பதினாறு வயதில் பிள்ளைகள் ஆவியாகிவிடுகிறார்கள்.

இந்த வேதம் யாருக்காக எழுதப்படவில்லை என்பது மூணாறில் ஜீப் பிடித்து மேலே ஏறினால் தெரியும். சூரியநெல்லி, வட்டவடை, அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு, பீர்மேடு. எஸ்டேட் லயங்களை ஒட்டிய தமிழ் மீடியம் பள்ளிக்கு ஐந்நூறு தலை எங்கிருந்து வரும்? இருக்கிற பிள்ளைகளையும் காலையில் இங்கிலீஷ் மீடியம் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. மாநிலத்தின் பிள்ளைப்பேறு விகிதமோ தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8. குடும்பக் கட்டுப்பாட்டில் இந்தியாவுக்கே பாடம் எடுத்த அரசு, விசில் ஊத ஒரு ஆள் வேண்டுமென்றால் மட்டும் நிறையப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறது. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிவிட்டு லயத்துக்குத் திரும்பும் அம்மாமார் இதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஜூன் மாதம் ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அதை வைத்துத்தான் அந்த வருஷத்துப் பணியிடம். அதற்கு முந்தைய வாரம் ஊர்விட்டுப் போன குடும்பம் திரும்பிவிட்டதா, ஆதார் ஏறிவிட்டதா என்று லயம் லயமாகத் தேடி ஓடுவது தலைமையாசிரியரின் வேலை. பல பள்ளிகளில் வருஷம் முழுக்க முறையாக நடக்கும் ஒரே ஓட்டப்பந்தயம் அதுதான். ஓடுகிறவருக்கு வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை வேறு.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும். டெல்லி நூறு என்கிறது, திருவனந்தபுரத்தின் புத்தகம் ஐந்நூறு என்கிறது. நடுவில் நானூறு பிள்ளைகள் விழுகிற பள்ளம். சங்கங்கள் கொடி பிடித்தால் இடையிடையே 300 என்று கொஞ்சம் இறங்கி வருவதுண்டு. 180 பேர் படிக்கிற மலைப்பள்ளிக்கு 300 என்றால் என்ன, மூவாயிரம் என்றால் என்ன?

ஆனாலும் டைம்டேபிளில் பி.டி. பீரியட் இருக்கிறது. யார் பேரிலும் பட்டா இல்லாத புறம்போக்காக அது கிடக்கிறது. முதலில் கணக்கு சார் ஓர் ஓரத்தில் முளையடிப்பார். அப்புறம் கெமிஸ்ட்ரி டீச்சர் குடிசை போடுவார். ஜனவரி வந்தால் மொத்தமும் ஸ்பெஷல் கிளாஸ் பேரில் வளைக்கப்பட்டுவிடும். இந்த பீரியடில் வேறு பாடம் எடுக்காதீர்கள் என்று குழந்தைகள் உரிமை ஆணையம் சொன்னது, கல்வித்துறையும் சுற்றறிக்கை விட்டது. ஆள் இல்லாத நிலத்தை யாரிடமிருந்து மீட்பது என்பதை மட்டும் அந்தச் சுற்றறிக்கை சொல்லவில்லை. அபூர்வமாக பீரியட் பிழைத்தால், பையன்களிடம் ஒரு பந்தை எறிந்துவிட்டுப் பெண்பிள்ளைகளை மர நிழலில் உட்கார வைத்து நோட்டுக்கு அட்டை போடச் சொல்வார்கள். அதற்குப் பெயர் உடற்கல்வி.

இதைவிட எரிச்சலூட்டுவது ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே சொல்லும் ஒரு சமாதானம்: "எஸ்டேட் பிள்ளைங்களுக்கு எக்சர்சைஸ் எதுக்கு சார்? மலை ஏறி இறங்குறதே போதுமே!" அதாவது விறகு சுமந்தால் பளுதூக்கல், தண்ணீர் சுமந்தால் யோகா, கடைசி வண்டியைத் தவறவிட்டு நடந்தால் மாரத்தான். சுமையால் வளைந்த முதுகை நிமிர்த்தத்தான் பயிற்சி என்று இவர்களுக்கு யார் சொல்வது? தாய்க்கு இடுப்பு விட்டுப்போனது எப்படி என்று மகளுக்குத் தெரியும். எப்படி நின்றால், எப்படி மூச்சு விட்டால், எந்தத் தசையைப் பழக்கினால் அது தனக்கு வராது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஜிம் இருக்கிறது, டர்ஃப் இருக்கிறது, அப்பாவின் கார் இருக்கிறது. இவளுக்கு இருந்தது வாரத்தில் இரண்டு பீரியட். அதையும் கெமிஸ்ட்ரி கொண்டுபோயிற்று.

பதக்கம் வந்தால் மட்டும் கதை மாறும். 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன், இடுக்கி ராஜாக்காடு பக்கத்து முல்லக்கானத்துப் பெண். பாலக்காட்டுக்கு வந்து ஓடினார், ரயில்வேயில் சேர்ந்தார். 2002 பூசானில் பதக்கம் குவித்த பீனாமோளும் தம்பி பினுவும் இடுக்கி மலையிலிருந்து இறங்கியவர்கள்தாம். ஷைனி வில்சன் தொடுபுழா. இந்த மண்ணின் காற்றிலேயே ஓட்டம் இருக்கிறது என்று மேடையில் பேசுவதற்கு அமைச்சர்களுக்கு இந்த நான்கு பேர் போதும். காற்றே பார்த்துக்கொள்ளும் என்றால் வாத்தியாருக்குச் சம்பளம் தண்டம்தானே.

பாலக்காட்டுக் கதையும் இதே ரகம். 2019, 2022, 2023 என்று மாநிலப் பள்ளித் தடகளத்தில் தொடர்ந்து மூன்று முறை முதலிடம். நடுவில் கொரோனா வந்ததால் மட்டுமே இடைவெளி. மாவட்டமே ஓடுகிறது என்று பத்திரிகைகள் பூரித்தன. மாவட்டம் ஓடவில்லை. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி என்று ஒரு சில பள்ளிகள் ஓடின. பறளியில் பி.ஜி. மனோஜ், முண்டூரில் பி.யு. சித்ராவைத் தயாரித்த என்.எஸ். சிஜின் என்று ஒவ்வொரு பள்ளியிலும் விடிகாலையில் விசிலோடு நின்ற ஒரு பிடிவாதக்காரர் இருந்தார். விதிப்புத்தகம் தப்பித்தவறி ஓர் ஆளை அனுப்பிய இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. அனுப்பாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் புள்ளிப்பட்டியலில் இடம் கிடையாது. அது கொழிஞ்சாம்பாறையிலும் முதலமடையிலும் கோவிந்தாபுரத்திலும் சத்தமில்லாமல் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

அரசு சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 2025 ஜூனில் ஜும்பா வந்தது. போதைப்பொருளுக்கு எதிராகப் பள்ளிகளில் பாட்டுப் போட்டு ஆடவேண்டும். வாளையார் செக்போஸ்டில் கஞ்சா பிடிபடும், இங்கே இடுப்பு ஆடும். நடுவில் மாட்டிக்கொண்டு போதை மிரண்டு ஓடிவிடும். உடனே மதத் தலைவர்கள் உடை சரியில்லை, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடக்கூடாது என்று கிளம்பினார்கள். எதிர்த்து எழுதிய பாலக்காடு மாவட்ட ஆசிரியர் ஒருவர் இடைநீக்கமாகி, விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. ஆடலாமா, கூடாதா என்று மாதக்கணக்கில் டி.வி.யில் கத்தினார்கள். ஆடச் சொல்லித்தர ஆள் எங்கே என்று கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அதே வருஷம் ஹைஸ்கூல் நேரத்தை அரை மணி நீட்டினார்கள், பாட வேளை போதவில்லை என்று. ஏற்கெனவே நாளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இன்னும் அரை மணி உட்காரும் பாக்கியம்.

திடல் விவகாரம் இன்னொரு கூத்து. பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று விதியில் இருக்கிறது. எவ்வளவு பெரியது என்று இல்லை. 2024 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இதைப் பிடித்துக்கொண்டு, நான்கு மாதத்தில் அளவைச் சொல்லுங்கள், திடல் இல்லாத பள்ளியை மூடுகிற அளவுக்கு நடவடிக்கை எடுங்கள் என்றது. நல்ல கோபம்தான். ஆனால் சமதளமே அதிசயமான தேவிகுளம் மலையில், சமமாகக் கிடக்கிற இடமெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று ரெவின்யூ ஆபீசில் கேட்டுவிட்டல்லவா எஸ்டேட் பிள்ளையின் பள்ளிக்குப் பூட்டுத் தேட வேண்டும்!

சரி, வாளையார் தாண்டினால், போடிமெட்டு இறங்கினால் நம்ம ஆட்சி, நம்ம மொழி என்று பெருமூச்சு விடும் சித்தூர் தாலுகாக்காரருக்கும் தேவிகுளத்துக்காரருக்கும் ஒரு தகவல். 2023-இல் விளையாட்டு அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் கணக்கு, அறிவியல் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த பீரியடை நடத்த 2012-இல் அங்கே ஆள் எடுத்த லட்சணத்தையும் கேளுங்கள். உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு என்று 16,549 பேர், வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். சட்டத்தில் பகுதிநேரம் என்றிருந்ததை அங்கே ஒருத்தர் அட்சரம் பிசகாமல் படித்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் கழித்து அது 12,500 ஆனது. நிரந்தரமாக்குவோம் என்பது 2021 தேர்தலில் தி.மு.க.வின் 181-ஆவது வாக்குறுதி. அதைக் கேட்டு அவர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உட்காரும்போதெல்லாம் போலீஸ் வருகிறது, நாலு பேர் சேர்ந்து ஒரு வாத்தியாரைக் கைகால் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். பளுதூக்கும் பயிற்சி தமிழ்நாட்டில் தவறாமல் நடப்பது அங்கேதான்.