மாடு வாங்காமல் விலை கேட்டல்: அந்தியூர்ச் சந்தையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு அடுத்த புதுப்பாளையத்தில், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிப் பெரிய கால்நடைச் சந்தை கூடுகிறது. எத்தனை மாடு வந்தது, எந்தக் குதிரை என்ன விலைக்குப் போனது என்றெல்லாம் செய்தி வரும். வாங்கும் எண்ணம் எள்ளளவும் இல்லாமல் விலை மட்டும் கேட்டுத் திரிந்தவர்களைப் பற்றி ஒரு வரி வராது. சந்தைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்களே என்பதால், இந்த மௌனம் கண்டிக்கத்தக்கது.

ஆய்வுக்குரிய நபரை (இனி 'கேட்போர்') அடையாளம் காண்பது எளிது. வீட்டில் கட்டுத்தறி கிடையாது. பால் பாக்கெட்டில் வருகிறது. ஆனால் திமில் கறுத்த காங்கேயம் காளை ஒன்றைக் கண்டதும் கைகள் தாமாகப் பின்னால் கட்டிக்கொள்ளும், குரல் அரை ஸ்தாயி இறங்கும்.

"ஏனுங்க, சோடி என்ன வெலைங்க?"

விற்பவர் ஏற இறங்கப் பார்ப்பார். முகத்தை அல்ல, உள்ளங்கையை.

"ஓட்டீட்டுப் போறதுன்னா சொல்லுங்க, வெல சொல்றேன்."

இத்தோடு கேட்போர் நகர்ந்துவிடுவார் என்று நினைப்பவர்கள் களஆய்வு செய்யாதவர்கள். அடுத்த கட்டம் பல் பார்த்தல். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது, வெறும் ஈறுதான். கீழ்வரிசையில் மட்டும் எட்டு. பால்பல் விழுந்து முதல் சோடி நிலைப்பல் முளைக்க ஏறக்குறைய இரண்டு வயதாகும். எட்டும் சேர நாலைந்து வயதாகிவிடும். விவரம் தெரிந்தவர் கீழுதட்டைக் கட்டைவிரலால் லேசாக இறக்கி, "ஆறு பல்லு" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். கேட்போரோ மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து, அங்கே ஒன்றுமே இல்லாதது கண்டு, "வயசாயிருச்சாட்ட இருக்குதுங்களே" என்பார். விற்பவர் பேசுவதில்லை. மாடு மூச்சை விடும். அதில் பாதி கேட்போரின் சட்டைக்குப் போகும்.

இனி, துண்டு. தரகர் ஒருவர் கையை இன்னொருவர் கையோடு சேர்த்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் பலரும் அறிந்ததே. பிடிக்கிற ஒவ்வொரு விரலும் ஓர் எண். அது ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் விளங்கும். இரண்டு பக்கமும் வேறு வேறு எண் சொல்லத் தரகருக்கு வசதி என்பதற்காகவே துண்டு வந்தது என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். தரகர்கள் மறுக்கின்றனர். இரு தரப்பையும் ஒதுக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம்: ஆளில்லாத காட்டில் இரண்டு பேர் விலை பேசினால் துண்டு எதற்கு? சுற்றி நின்று எட்டிப் பார்க்க ஆள் இருந்தால்தானே மறைக்க வேண்டும்? ஆக, துண்டு பேரத்தைக் கண்டுபிடிக்க வைத்தவர் கேட்போரே. இதற்கான நன்றியைக் கொங்கு நாடு இன்னும் தெரிவிக்கவில்லை.

ஒப்பீட்டுக்குக் குதிரைப் பக்கம் போகலாம். காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகள் மேளத்துக்குக் கால் மாற்றி ஆடுகின்றன. அங்கே கேட்போர் விலை கேட்பதில்லை, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். காரணம் பணமல்ல; காளைச் சோடியும் அவருக்கு எட்டாத விலைதான். ஆனால் அவருடைய அப்பாரு காளை வைத்திருந்தார். குதிரை வைத்திருந்த அப்பாரு யாருக்கும் இல்லை. பக்கத்து மலையிலிருந்து வரும் பர்கூர்ச் செம்மறை மாட்டிடம் மட்டும் விலை கேட்கும் தூரம் சற்று அதிகம். சிவப்பில் வெள்ளைத் திட்டுள்ள அந்த இனத்துக்கு முன்கோபம் உண்டு என்பது கேட்போருக்கும் தெரிந்திருக்கிறது.

வாங்காதவர் வெறுங்கையோடு போவதுமில்லை. கழுத்துமணி, சலங்கை, சாட்டை எல்லாம் விற்கும் கடைகளில் மாடில்லாதவர் கூட்டம்தான் நெருக்கும். மணி எங்கே தொங்கப்போகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

அரிதாக ஒரு விபரீதம் நேர்கிறது. கேட்போர், விற்பவர் கொடுக்கவே மாட்டார் என்ற தைரியத்தில், சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டுவைக்கிறார். விற்பவருக்கு அன்று என்ன அவசரமோ, "சரி, புடிங்க" என்று கயிற்றை நீட்டிவிடுகிறார்.

"ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தர்றனுங்க."

வீட்டம்மா அவருக்குப் பக்கத்திலேயே நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்.