முந்நூற்று நாலும் முப்பத்தாறு இலக்கமும்

முப்பத்திரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய வழிகளின் தொகை 263,130,836,933,693,530,167,218,012,160,000,000 என்னும் முப்பத்தாறு இலக்க எண்ணாகும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மாலைதோறும் ஆடப்படும் ‘முந்நூற்று நாலு’ என்ற ஆட்டத்துக்கு ஏழு முதல் ஏஸ் வரையான 32 சீட்டுகளே எடுக்கப்படுவதால், அக்கரைகளின் பிணக்குகளை ஆராயப் புகுவோர் முதலில் இவ்வெண்ணையே அறிய வேண்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழின் நரம்புகளைக் கணிதத்தால் அளந்து எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. சீட்டுக்கட்டோ அத்தகைய பேறு பெறாமலே அழுக்கேறி வருகிறது.

ஒன்று முதல் 32 வரையுள்ள எண்களைத் தொடர்ந்து பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஈற்றில் ஏழு பூச்சியங்கள் நிற்பதற்குக் காரணம், 5, 10, 15, 20, 30 ஆகியன ஐந்தை ஒவ்வொரு தரமும் 25 இரண்டு தரமும் தருவதேயாகும். இதன் இலக்கங்களைக் கூட்டினால் 108 வரும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் அர்ச்சனையோடு இதற்கு உறவு காண விரும்புவோர் காணலாம். எனினும் 9ஆல் மீதியின்றி வகுபடும் எவ்வெண்ணின் இலக்கக் கூட்டும் 9இன் மடங்காகவே அமையும் என்பதால், 99 அல்லது 117 வந்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

உலகின் 800 கோடி மக்களும், அண்டம் தோன்றியதாகக் கணிக்கப்படும் 1,380 கோடி ஆண்டுகளாக, நொடிக்கு ஒரு புதிய அடுக்கு வீதம் அடுக்கி வந்திருப்பினும், இவ்வெண்ணில் ஏழரைக் கோடியில் ஒரு பங்கே முடிந்திருக்கும். ஆகவே “போன தரம் வந்த அதே கைதான் இப்பவும் வந்திருக்கு, கலைச்சவன் ஒழுங்காக் கலைக்கேல்ல” என்று தோற்ற தரப்பார் கூறும் முறைப்பாட்டை உடனே தள்ளிவிடத் தோன்றும். ஆனால் கைக்கு வந்த எட்டுச் சீட்டும் எந்த ஒழுங்கில் வந்தன என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவ்வொழுங்கை நீக்கிக் கணித்தால், நால்வருக்கும் சீட்டுப் பிரியும் வழிகள் 99,561,092,450,391,000 ஆகவும், ஒருவர் கைக்கு மட்டும் வரக்கூடியவை 1,05,18,300 ஆகவும் சுருங்குகின்றன. நாளுக்கு இருபது ஆட்டம் ஆடுபவர் குறித்த ஒரு கையை மீண்டும் காணச் சராசரியாக 1,440 ஆண்டுகள் வாவிக்கரையில் காத்திருக்க வேண்டும்.

இக்கணக்கு முழுவதும் கட்டு நன்றாகக் கலைக்கப்படுகிறது என்ற எடுகோளில் நிற்கிறது. அந்த எடுகோள்தான் உப்புக்காற்றில் நிற்பதில்லை. ஈரம் ஏறிய சீட்டுகள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொள்கின்றன. மேலும், இறக்கப்பட்ட இனத்தையே ஏனையோரும் போட வேண்டும் என்பது ஆட்டவிதி என்பதால், வெல்லப்பட்ட ஒவ்வொரு பிடியிலும் பெரும்பாலும் ஒரே இனத்துச் சீட்டுகள் நான்கு சேர்ந்து கிடக்கின்றன. கட்டைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிறு கொத்துகளாக நழுவவிடும் வழக்கமான கலைப்பு அயற்சீட்டுகளை எளிதில் பிரிப்பதில்லை. பின்னர் நான்கு நான்காகப் பகிரும்போது அப்பழைய பிடி முழுதாகவே ஒருவர் மடியில் விழ இடமுண்டு. நீதியின் வடிவமாக மதிக்கப்படும் ‘வெட்டு’ என்பதும், அடுக்கை ஒரு வட்டமாகச் சுழற்றுவதேயன்றி வேறில்லையாதலால், எத்தனை தரம் வெட்டினாலும் 32 அடுக்குகளுக்கு மேல் தராது.

இரு பாதிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகும் கலைப்பில், 52 சீட்டுக் கட்டுக்கு ஏழு தரம் வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் நிறுவினர். 32 சீட்டுக்கு அது தாராளம். எனவே மேற்கூறிய முறைப்பாட்டின் முற்பகுதி பிழை, பிற்பகுதி சரி. தோற்ற தரப்பார் இனிமேல் ‘அதே கை’ என்னும் சொல்லை விடுத்து, ‘ஏழு தரம் கலைக்கவில்லை’ என்று மட்டும் வாதாடுவார்களாயின், அவர்களை மறுக்கக் கணிதத்தில் இடமில்லை.