வருகிறேன் என்று வராத ஆசாமி

கோடை பிறந்தால் சலமான்கா நகரத்தில் இவரைப் பார்க்கலாம். இங்கிலாந்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் படித்தால்தான் ஸ்பானியம் நாக்கில் ஒட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கையில் மூன்று நிறத்தில் கோடு போட்ட நோட்டு. ‘இர்’ என்றால் போ, ‘பெனிர்’ என்றால் வா. இதில் என்ன சங்கடம் என்பார்.

சங்கடம் போன் அடித்ததும் தொடங்கும். பிளாசா மயோர் சதுக்கத்தில், ஊரே சந்தித்துக்கொள்ளும் கடிகாரத்தின் கீழ், நண்பர்கள் காத்திருக்கிறார்கள். எங்கே ஆளைக் காணோம்? இவர் ஷூவை மாட்டிக்கொண்டே “பெங்கோ, பெங்கோ!” என்கிறார். வருகிறாராம். ஸ்பானியத்திலோ, பேசுகிறவர் இருக்கும் இடத்துக்குத்தான் ‘வர’ முடியும். ஆக, தன் வீட்டில் நின்றுகொண்டு தன் வீட்டுக்கே வருவதாக அறிவிக்கிறார் மனிதர். சொல்லவேண்டியது “யா போய்”, இதோ போகிறேன். (அந்தப் ‘போய்’ நம் காதில் தமிழாகவே விழுவது தற்செயல்.)

நாம் சிரிக்க முடியாது. வருவதையும் தருவதையும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்வதையும் கொடுப்பதையும் படர்க்கைக்கும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே பங்குபோட்டு வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு நாமும் ‘வருகிறவர்கள்’தான்.

விருந்துக்கு அழைப்பு வந்தால் இன்னும் மோசம். ஒயின் கொண்டு வரட்டுமா என்பதற்கு, நோட்டைப் பார்த்து, “யேபோ பீனோ?” என்று இம்முறை சரியாகவே கேட்டுவிடுகிறார்: எடுத்துப்போகட்டுமா? வீட்டுக்காரம்மா தன் பக்கத்திலிருந்து “திராயே” என்கிறார்: கொண்டு வாருங்கள். இருவரும் சொன்னது சரி. ஆசாமியோ, அம்மா தன்னைத் திருத்திவிட்டார் என்று நினைத்து நோட்டில் ‘யேபார்’ வினையை அடித்துவிடுகிறார்.

விருந்து முடிந்து கிளம்பும்போது “போய்” என்று எழுந்து நிற்பார். எல்லோரும் “எங்கே?” என்பார்கள். கிளம்புவதற்கு “மே போய்” என்று ஒரு ‘மே’ வேண்டும். அது அவருக்கு அடுத்த வாரப் பாடம்.

ஒரு மாதம் போனால் துணிச்சல் வந்துவிடும். உடன் தங்கியிருக்கும் பார்சிலோனாப் பையன் போனில் “யா பெங்கோ” என்கிறான். அவன் ஊர்க்காரர்களின் காத்தலான் மொழியில் நம்மைப் போலவே கேட்பவரிடம் ‘வருவார்கள்’. அந்தப் பழக்கம் அவர்கள் பேசும் ஸ்பானியத்திலும் எட்டிப்பார்க்கும். ஆசாமிக்கு அதெல்லாம் தெரியாது. பச்சைக் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து, பிறந்ததிலிருந்து ஸ்பானியம் கேட்டு வளர்ந்தவனுக்கு ‘பெனிர்’ பாடம் எடுக்கத் தொடங்குகிறார். பையனின் நண்பர்கள் இன்னும் லைனில்தான் இருக்கிறார்கள்.