அடீனியத்தின் தொப்பை

கேள்வி: ஒரு வீட்டு அடீனியம் அடி பெருத்து அழகாக நிற்கிறது, இன்னொரு வீட்டில் அதே செடி குச்சியாகவே இருக்கிறது. ஏன்?

பதில்: குச்சி பெரும்பாலும் போத்து நட்டு வந்ததாக இருக்கும். விதையில் முளைத்த செடிக்குத்தான் அடித்தண்டு நன்றாகப் பருக்கும். ஆப்பிரிக்காவின் சாஹேல், அரேபிய வறண்ட நிலங்களுக்குரிய இச்செடி, மழைநீரை அந்தத் தொப்பையில் சேமித்து வறட்சியைக் கடக்கிறது. ஆகவே தினமும் தண்ணீர் ஊற்றும் பாசமே இதற்கு எமன்; அடி அழுகிவிடும். நீர் தேங்காத மணல் கலந்த மண்ணும், அது காய்ந்தபின் ஊற்றும் பொறுமையும் வேண்டும். தொட்டி மாற்றும்போதெல்லாம் சற்று உயர்த்தி நட்டால் பருத்த வேர்களும் வெளியே தெரியும். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது பூவைவிட இதற்குத்தான். அரளிக் குடும்பமாதலால் பால் நஞ்சு. ஆப்பிரிக்க வேடர்கள் அம்பில் தடவியது. கவாத்து செய்தபின் கையைக் கழுவிவிடவும்.